பிடித்து விடுவதும் விட்டுப் பிடிப்பதும்

பத்து மாதமாகியும் கழுத்து நிற்காத குழந்தையோடு மருத்துவமனைக்கு வரும் பெற்றோர், ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கி, கடைசியில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் பிசியோதெரபி அறைதான். அந்த அறையைப் பற்றி நமக்கு ஒரு சித்திரம் உண்டு. ஒரு மேசை, ஒரு பெரிய பந்து, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், காலை நீட்டி மடக்கும் ஒருவர், அலறும் ஒரு குழந்தை. ‘கரண்ட் வைக்கிறாங்க’, ‘எக்சர்சைஸ் குடுக்கறாங்க’ என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: எப்போது நடப்பான்?

குழந்தைகளுக்கு இயன்முறை சிகிச்சையால் என்ன பயன் என்றால், ‘நிறைய’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையில் பயன் நோய்க்கு நோய் மாறுகிறது. சில குறைகளை அது அடியோடு சரிசெய்துவிடும். சிலவற்றில் குழந்தை தனக்குரிய எல்லைவரை போக உதவும், எல்லையையே தள்ளிவைக்காது. சிலவற்றில் சரிவைத் தாமதப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஒன்றிரண்டில் எந்தப் பயனும் இல்லை. இத்தனையையும் ஒரே மேசையில், ஒரே அரை மணி நேரத்தில், ஒரே மாதிரிக் கால் நீட்டலால் கையாள்வதுதான் நம் ஊர்ப் பிசியோதெரபியின் பெரிய சிக்கல் என்பது என் கருத்து. கடந்த முப்பதாண்டு ஆய்வுகள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குழந்தை தானாக முயன்று செய்யும் அசைவுதான் அதை முன்னேற்றுகிறது. அடுத்தவர் அதன் கை காலை அசைத்துவிடுவதால் கிடைப்பது சொற்பம்.

இந்தத் துறை போலியோவோடு வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இளம்பிள்ளை வாதம் தாக்கிய கை கால்களை மாவுக்கட்டிலும் பலகையிலும் மாதக்கணக்கில் அசையாமல் கட்டிவைப்பதே வழக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், முறையான பட்டம் எதுவும் இல்லாத எலிசபெத் கென்னி என்ற செவிலி அதை ஏற்கவில்லை. வெந்நீரில் முக்கிப் பிழிந்த கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, வலி அடங்கியதும் தசையை அசைக்கப் பழக்கினார். மருத்துவர்கள் பலர் ஏளனம் செய்தார்கள். 1940இல் அமெரிக்கா போனார். மினியாபொலிஸில் அவர் பெயரிலேயே ஒரு நிலையம் எழுந்தது. போலியோ ஏன் அப்படிச் செய்கிறது என்று அவர் கொடுத்த விளக்கம் பெரும்பாலும் தவறு. கட்டைப் பிரித்துப் பிள்ளையை அசையவிடுங்கள் என்றது மட்டும் சரி. மருத்துவத்தில் இப்படித் தவறான காரணத்துக்காகச் சரியானதைச் செய்தவர்கள் நிறையப் பேர்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோ கடைசியாக 2011 ஜனவரி 13இல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச் 27இல் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. பிசியோதெரபி அறைக்கு முன் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் அதற்குள் மாறிவிட்டார்கள். இன்று வருபவர்களில் பலர் மாதம் நிரம்பாமல் பிறந்தவர்கள், பிறந்ததும் அழாதவர்கள், மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறியவர்கள். பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உயிரைக் காப்பாற்றி அனுப்பியவர்கள். இவர்களில் பெரிய கூட்டம் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள். ஆயிரம் பிறப்புக்கு இரண்டு முதல் மூன்று பேர் என்பது பொதுவான கணக்கு. 1861இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் லிட்டில், கடினமான பிரசவமே இதற்குக் காரணம் என்று எழுதினார். பிற்காலத்தில் மனப்பகுப்பாய்வுக்குப் பெயர்போன சிக்மண்ட் பிராய்டு அப்போது நரம்பியல் மருத்துவர். கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம், கடினப் பிரசவம் அதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்று அவர் மறுத்தார். மேலைநாட்டு ஆய்வுகள் பின்னர் பிராய்டின் பக்கமே சாய்ந்தன. நம் நாட்டிலோ பிரசவ நேரத்திலும் அதையடுத்த நாட்களிலும் நேரும் பாதிப்புக்கு இன்னும் பெரிய பங்கு இருக்கிறது.

போலியோவில் நரம்பு செத்துத் தசை தொய்ந்துவிடும். மூளை முடக்குவாதத்தில் தசை பெரும்பாலும் முறுக்கிக்கொள்கிறது. கட்டளையிடும் இடத்தில்தான் பழுது. ஹிட்லர் காலத்து ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் வந்த பெர்ட்டா போபாத்தும் அவர் கணவர் மருத்துவர் காரெல் போபாத்தும் 1940களில் இதற்கென ஒரு முறையை உருவாக்கினார்கள். சிகிச்சையாளர் தன் கைகளால் குழந்தையின் இடுப்பையும் தோளையும் பிடித்து, இறுக்கத்தைத் தளர்த்தி, இயல்பான அசைவின் உணர்வை மூளைக்கு ஊட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுக்க அதுதான் ஆட்சி செய்தது. நம் கல்லூரிகளில் பிசியோதெரபி படித்தவர் எவருக்கும் போபாத் பெயர் தெரியாமல் இருக்காது. அந்தக் கைகளில் கனிவும் நுட்பமும் இருந்தன. அதை அளந்து பார்க்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் அவர் குழுவும் மூளை முடக்குவாதத்துக்கான சிகிச்சைகள் அனைத்தையும் சான்றின் வலுவை வைத்து, போக்குவரத்து விளக்கைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். முதல் தொகுப்பு 2013இல் வந்தது, விரிவாக்கியது 2020இல். சிகிச்சையாளர் கையாள, குழந்தை சும்மா இருந்து வாங்கிக்கொள்ளும் பழைய போபாத் முறைக்குச் சிவப்பு விழுந்தது. குழந்தையோ பெற்றோரோ விரும்பித் தேர்ந்த ஒரு செயலை, அதே செயலாக, உண்மையான இடத்தில், திரும்பத் திரும்பச் செய்து பழகுவதற்குப் பச்சை. வீட்டில் செய்யத் திட்டமிட்டுக் கொடுக்கும் பயிற்சிக்கும் பச்சை. நரம்புப் பாதிப்பால் இறுகிய மூட்டுகளைக் கையால் இழுத்து நீட்டுவது பற்றிய சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வும், மூட்டின் அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் அதனால் வரவில்லை என்றே முடித்தது. தினமும் அரை மணி நேரம் பிள்ளையை அழவைத்துக் காலை நீட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்களிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

இந்தத் திருப்பத்துக்கு நல்ல உதாரணம், ஒரு பக்கக் கை மட்டும் வராத குழந்தைகளுக்கான பயிற்சி. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், கையில் உணர்ச்சி இழந்த குரங்குகளைக் கவனித்தபோது ஒன்றைப் பார்த்தார். நல்ல கை இருக்கிறதே என்று அவை பழுதான கையைத் தொடர்ந்து கைவிடுகின்றன. நல்ல கையைக் கட்டிப்போட்டால் பழுதான கை வேலைக்கு வருகிறது. இது முதலில் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் பிறகு குழந்தைகளுக்கும் சிகிச்சையாயிற்று. நல்ல கைக்கு உறை மாட்டி, மற்றக் கையால் விளையாட வைக்கிறார்கள். இரண்டு கையும் சேர்ந்தே ஆக வேண்டிய விளையாட்டுகளைக் கொடுக்கும் இன்னொரு முறைக்கும் ஏறக்குறைய இதே அளவு பலன் கிடைக்கிறது. சாதனம் எதுவும் தேவையில்லை. பல்லாங்குழியில் சோழிகளை ஒவ்வொன்றாக விடுவது, தூக்குவாளி மூடியைத் திறப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, சட்டைப் பித்தான் போடுவது எல்லாமே பயிற்சிதான். எத்தனை முறை, எந்தக் கடினத்தில், எப்போது அடுத்த படிக்கு ஏற்றுவது என்று கணக்குப் போடுவதில்தான் சிகிச்சையாளரின் படிப்பு இருக்கிறது.

அந்தக் கணக்கும் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட, உதாரணமாகத் தானே கரண்டி பிடித்துச் சாப்பிட, சுமார் 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும். கையின் ஒட்டுமொத்தத் திறன் கூட 30 முதல் 40 மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் மையத்துக்கு வந்துபோகும் குழந்தைக்கு 15 மணி நேரம் சேர 30 வாரம் ஆகும். இடையில் காய்ச்சல், திருவிழா, பஸ் ஸ்டிரைக் என்று விட்டுப்போவதைச் சேர்த்தால் ஒரு வருடம். அதற்குள் பிள்ளை வளர்ந்து, இலக்கே மாறியிருக்கும். ஆகவே மையத்தில் நடப்பது பாடம் சொல்லித்தருவது, வீட்டில் நடப்பதுதான் சிகிச்சை என்று எண்ணித் திட்டம் போட்டால்தான் கணக்கு நேராகும்.

காலமும் முக்கியம். கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து 2002இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகள், பாதிப்பின் ஐந்து நிலைகளுக்கும் தனித்தனியாக வரையப்பட்டவை. தடையின்றி நடக்கும் முதல் நிலைக் குழந்தைகள் தங்களால் முடிந்த உடலியக்கத் திறனில் பத்தில் ஒன்பது பங்கை ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். கழுத்தே சரியாக நிற்காத ஐந்தாம் நிலைக் குழந்தைகள் மூன்று வயதாவதற்கு முன்பே எட்டிவிடுகிறார்கள். ‘எப்போது நடப்பான்’ என்ற கேள்விக்கு ஓரளவு பதில் சொல்ல இப்போது வழி இருக்கிறது. இரண்டு வயதுக்குள் பிடிமானமில்லாமல் உட்காரும் குழந்தை பிற்காலத்தில் ஏதோவொரு வகையில் நடக்க வாய்ப்பு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த அடையாளம். இதைப் பெற்றோரிடம் சொல்லலாமா என்று சிகிச்சையாளர்கள் தயங்குகிறார்கள். சொல்லாமல் விட்டால், நடக்க வாய்ப்பே இல்லாத பிள்ளையை ஏழெட்டு வயதுவரை கம்பியில் கட்டி நிறுத்திக்கொண்டு, கரண்டி பிடிப்பதையும் சக்கர நாற்காலி ஓட்டுவதையும் தள்ளிப்போடுவார்கள். நானாக இருந்தால் சொல்லிவிடுவேன்.

அவ்வளவு சீக்கிரம் திறன் உருவாகி முடிகிறது என்றால், கண்டுபிடிப்பதும் சீக்கிரமாக இருக்க வேண்டும். ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்த முறையில், மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தையை விழித்திருக்கும்போது சில நிமிடம் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். அந்த வயதில் கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் ஓயாமல் சின்னச் சின்னதாகத் துருதுருத்துக்கொண்டிருக்கும். அந்தத் துருதுருப்பே இல்லையென்றால் மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம். இதோடு ஹாமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனையையும் மூளை ஸ்கேனையும் சேர்த்தால் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட முடியும். படம் பிடிக்கச் செல்போன் போதும். பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். இங்கே பல குழந்தைகளுக்கு நோயின் பெயர் தெரிய ஒன்றரை, இரண்டு வயது ஆகிவிடுகிறது. ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு’ என்ற ஆறுதலில் கரையும் மாதங்கள்தான் மூளை அதிகம் வளைந்துகொடுக்கும் மாதங்கள்.

அதற்காக ஒவ்வொரு தாமதத்துக்கும் பதற வேண்டியதில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடிமானமின்றி உட்கார்வது சுமார் 4 முதல் 9 மாதத்துக்குள், தனியே நடப்பது 8 முதல் ஏறக்குறைய 18 மாதத்துக்குள். நூற்றில் நான்கு குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிட்டன. குப்புற விழுந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று, படி தாண்டினால் ஒன்று என்று பலகாரம் செய்து கொண்டாடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தையின் அசைவை நாள்விவரத்தோடு கவனிக்கும் ஏற்பாடாகவே அதை நான் பார்க்கிறேன். ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை, ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருந்தாலும் அப்படித்தான்.

ஆரோக்கியமான குழந்தைக்கும் இந்தத் துறை சொல்ல இரண்டு உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் தினமும் மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் படுக்கவைத்து விளையாடவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தூங்கும்போது மல்லாந்துதான். நாள் முழுக்கத் தூளியிலேயே கிடக்கும் குழந்தைக்குக் கழுத்தையும் தோளையும் பழக்க வாய்ப்பில்லை. இரண்டாவது, வாக்கர். பிளாஸ்டிக் இருக்கையில் குழந்தையை உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் அந்தச் சாதனத்தைக் கனடா 2004இல் தடைசெய்தது, முக்கியமாக விபத்துக்காக. அதில் குழந்தை நுனிக்காலால் உந்துகிறது, தன் எடையைத் தான் தாங்குவதில்லை. நம் மரத் தச்சர்கள் செய்த மூன்று சக்கர நடைவண்டியில் குழந்தை நின்றுதான் ஆக வேண்டும், தள்ளினால்தான் நகரும், விட்டால் விழும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வடிவமைத்தாலும் இதைவிடச் சரியாகச் செய்துவிட முடியாது.

சிகிச்சை முழுதாகப் பலிக்கும் இடங்களுக்கு வருவோம். பச்சைக் குழந்தை விடாமல் அழுது, கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டால் ‘உரம் விழுந்துடுச்சு’ என்பார்கள். சேலையில் கிடத்தி இரண்டு பேர் பிடித்து உருட்டுவார்கள். பெரும்பாலும் அழுகை நிற்கும், எல்லாரும் தூங்கப் போவார்கள். ஆனால் வாரக்கணக்கில் தலை ஒரே பக்கம் சாய்ந்து, முகம் எதிர்ப்பக்கம் திரும்பியே இருந்தால், அது பிறவியிலேயே கழுத்துத் தசை சுருங்கியிருப்பதாக இருக்கலாம். உருட்டினால் சரியாகாது. ஒரு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் நூற்றில் 98 குழந்தைகளுக்குச் சுமார் ஒன்றரை மாதத்தில் கழுத்து ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிடுகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் ஒன்பது, பத்து மாதம் பிடிக்கிறது, பலனும் குறைகிறது என்று அமெரிக்கச் சிகிச்சையாளர்களின் வழிகாட்டு நெறி சொல்கிறது. இந்த வயதில் மெல்ல நீட்டிவிடுவதற்கும் பலன் உண்டு, ஏனென்றால் இங்கே மூளையில் பழுதில்லை. எந்தப் பக்கம் தூக்குவது, எந்தப் பக்கம் பால் கொடுப்பது, கிலுகிலுப்பையை எங்கே ஆட்டுவது என்று அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் பாதி சிகிச்சை முடிந்தது.

வளைபாதம் இன்னொன்று. ஆயிரத்துக்கு ஒரு குழந்தை உள்ளங்கால் உள்நோக்கித் திரும்பிப் பிறக்கிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணிசெய்த இக்னாசியோ பொன்செட்டி, வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் சிறிது திருத்தி மாவுக்கட்டுப் போட்டு, ஐந்தாறு கட்டுகளில் நேராக்கும் முறையை 1950களை ஒட்டியே வகுத்துவிட்டார். பெரிய அறுவைச் சிகிச்சையில் மோகம் கொண்டிருந்த எலும்பியல் உலகம் அதை மதிக்க 1990கள் ஆயின. கடைசியில் குதிகால் தசைநாணைச் சிறிதாக வெட்டிவிட வேண்டிவரலாம். பிறகு கம்பியால் இணைத்த ஷூவை மூன்று மாதம் நாள் முழுக்கவும், அதன்பின் நான்கு வயதுவரை இரவிலும் போட வேண்டும். முறை தோற்பது கட்டுப் போடும் இடத்தில் அல்ல, ஷூவில். கால்தான் நேராகிவிட்டதே, பிள்ளை இரவெல்லாம் அழுகிறதே என்று கழற்றிவிடுவார்கள். பாதம் மறுபடி திரும்பிவிடும். வாரக்கணக்கில் அந்தக் குடும்பத்தோடு பேசிப் பழகிய சிகிச்சையாளர் இருந்தால் ஷூ காலில் நிற்கிறது.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் 2001இல் நடந்த ஒரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. டேல் உல்ரிக் என்பவரின் குழு, தனியே உட்காரப் பழகிய கைக்குழந்தைகளைச் சிறிய டிரெட்மில் மீது நிறுத்தி, பெற்றோர் அக்குளில் தாங்கிக்கொள்ள, வீட்டிலேயே தினம் எட்டு நிமிடம், வாரம் ஐந்து நாள் அடியெடுக்க வைத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் சராசரியாக 101 நாள் முன்னதாக நடந்தார்கள். ஓடும் பட்டை காலைப் பின்னுக்கு இழுக்க, குழந்தை தானாக அடியை முன்வைக்கிறது. சிகிச்சையாளர் காலைத் தூக்கி வைத்துவிடவில்லை.

நேர்மாறான பக்கம் டூஷென் தசைச்சிதைவு. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. மூன்று நான்கு வயதில் தரையில் கையூன்றி, பிறகு தொடையில் கையூன்றி, தன்மேல் தானே ஏறி எழுவதுபோல் எழுந்திருப்பான். கெண்டைக்கால் பருத்து வலுவாகத் தெரியும். ‘நல்லா எக்சர்சைஸ் பண்ணா சரியாயிடும்’ என்று மாடிப்படி ஏறி இறங்கவிடும் வீடுகள் உண்டு. இதில் அது தீங்கு. படி இறங்கும்போது தசை நீண்டுகொண்டே வேலை செய்ய வேண்டும். டிஸ்ட்ரோபின் புரதம் இல்லாத தசைநார் அப்போதுதான் அதிகம் கிழிகிறது. இங்கே சிகிச்சையாளரின் வேலை எதைச் செய்யக் கூடாது என்று சொல்வதில் தொடங்குகிறது. களைப்படையாத அளவில் நீச்சல், இரவில் கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட், ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்து நடக்கும் ஆண்டுகளைக் கூட்டுவது, நடை நின்றபின் முதுகு வளையாத இருக்கை, பிறகு இருமிச் சளியை வெளியேற்ற உதவி. நோய் முன்னேறிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பையனால் எது முடியுமோ அதைக் காப்பாற்றித் தருவதையும் பயன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பயிற்சியே இல்லாமல் வெறும் கண்காணிப்பால் கிடைக்கும் பயனும் உண்டு, அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. மூளை முடக்குவாதக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்லக் கிண்ணத்தைவிட்டு நழுவுகிறது. தனியே நடக்கும் குழந்தைக்கு அநேகமாக நழுவுவதில்லை. ஐந்தாம் நிலையில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நழுவுகிறது. ஆரம்பத்தில் வலி தெரியாது. தெரியும்போது கால் விரியாது, குழந்தையை உட்காரவைக்க முடியாது, மலஜலம் சுத்தம் செய்வதே வேதனையாகிவிடும். தெற்கு ஸ்வீடனில் 1994இல் தொடங்கிய திட்டத்தில், சிகிச்சையாளர்கள் மூட்டு அசைவை முறைப்படி அளக்கிறார்கள், குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், நழுவத் தொடங்கியதும் சிறு அறுவைச் சிகிச்சை. பத்தில் ஒரு குழந்தைக்கு மூட்டு முழுதாக விலகிக்கொண்டிருந்த நிலை, இருநூறில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இதற்குத் தேவை ஒரு எக்ஸ்ரேயும் ஒரு பதிவேடும். நம் மாவட்ட மருத்துவமனைகளில் இரண்டுமே இருக்கின்றன.

பயன் இல்லாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தைக்கு வைரஸ் கிருமியால் சிறு மூச்சுக்குழாய் வீங்கி இழுப்பு வந்தால், முதுகைத் தட்டிச் சளி எடுக்கும் நெஞ்சுப் பிசியோதெரபியால் நோய் சீக்கிரம் குணமாவதில்லை; பிரிட்டன் வழிகாட்டு நெறி வேறு நோய் இல்லாத குழந்தைகளுக்கு அதைச் செய்யவேண்டாம் என்றே சொல்கிறது. பிறவி நுரையீரல் நோய் உள்ள குழந்தைக்கும் தசை தளர்ந்த குழந்தைக்கும் அதே சிகிச்சை தேவைப்படும். மூளை முடக்குவாதத்துக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் கூண்டு பயன் தரவில்லை. ஸ்டெம்செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி இது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும், ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கவும் கூடாது. ஊசிக்குப் பின் தீவிரமாகப் பிசியோதெரபியும் தருவார்கள். முன்னேற்றம் தெரிந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடும்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் நல்ல வரலாறு இருக்கிறது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் பயின்று திரும்பி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுத் துறையைக் கட்டினார். சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். 1975இல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே தன் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். குழந்தைகள் விஷயத்தில் அந்தச் சங்கம் செய்வது கவனிக்கத்தக்கது. உள்ளூரிலேயே பணியாளர்களைத் தேர்ந்து பயிற்சி தந்து, அவர்களை வீடு வீடாக அனுப்புகிறது. செல்போன் செயலி வழியாக நிபுணர்கள் அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். மேலே போட்ட மணிக்கணக்குக்கு நம் மண்ணில் கிடைத்திருக்கும் நடைமுறை விடை அதுதான்.

அரசுத் தரப்பில் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மாவட்ட இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் உட்பட 30 வகைப் பிரச்சினைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பார்த்து அங்கே அனுப்புகிறார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே பிசியோதெரபி என்ற எண்ணத்தை ஊருக்கெல்லாம் பழக்கியது, பெரும்பாலும் பெரியவர்களுக்காக. ஏற்பாடுகள் பல, ஒன்றின் சீட்டு இன்னொன்றுக்குப் போவதில்லை. கண்டறிந்த மையம் ஓரிடம், காலிபர் கொடுப்பவர் ஓரிடம், பள்ளியில் பார்ப்பவர் ஓரிடம். இவற்றுக்கு நடுவே கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது அம்மா.

அம்மாவைப் பற்றி ஆய்வுகளைவிட அதிகம் பேச வேண்டியிருக்கிறது. வீடுதான் சிகிச்சையின் இடம் என்று எழுதுவது எனக்குச் சுலபம். அதன் பொருள் நடைமுறையில், வேலையை விட்ட, தூக்கித் தூக்கி இடுப்பு வலி கண்ட, மாமியாரிடமும் அக்கம்பக்கத்திலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் இன்னும் ஒரு மணி நேரம் கேட்பது. பயிற்சியைக் குளிப்பாட்டுவதில், சோறு ஊட்டுவதில், சட்டை மாட்டுவதில் கரைத்துக் கொடுக்கத் தெரிந்த சிகிச்சையாளர், பத்து உடற்பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாளைக் கொடுப்பவரைவிடப் பெரிய உதவி செய்கிறார். அப்பாவை ஒருநாளாவது அறைக்குள் கூப்பிடத் தெரிந்தவர் அதைவிடப் பெரிய உதவி. கனடாவின் பீட்டர் ரோசன்பாமும் யான் விலெம் கோர்ட்டரும் 2012இல், குழந்தையின் உடற்பழுதைவிடச் செயல், குடும்பம், உடல்வலு, விளையாட்டு, நண்பர்கள், எதிர்காலம் ஆகிய ஆறையும் கேளுங்கள் என்று எழுதினார்கள். நம் மருத்துவச் சீட்டுகளில் ‘நண்பர்கள்’ என்ற பத்திக்கு இடமே கிடையாது.

எதிர்காலம் என்பது பதினெட்டில் முட்டுகிறது. சிறார் திட்டத்தின் வயது எல்லை அதுதான். பத்து வயதுக்கு மேல் எலும்பு வேகமாக நீள, இறுகிய தசை பின்தங்க, நடந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் குந்தியபடி நடக்கத் தொடங்கி, பிறகு நடையை விடுகிறார்கள். எடை கூடுகிறது, தூக்க ஆள் இல்லை, பள்ளி முடிந்ததோடு வள மையமும் முடிகிறது. மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்களுக்கு முதுகுவலி, மூட்டுத் தேய்மானம், களைப்பு எல்லாம் மற்றவர்களுக்கு முன்னதாகவே வருகின்றன. பத்தொன்பது வயதில் இப்படி ஒருவர் பெரியவர்களுக்கான வெளிநோயாளர் பிரிவில், பக்கவாதம் வந்த அறுபது வயதுக்காரர்களோடு வரிசையில் நின்று, தன் நோயின் வரலாற்றை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையாக இருந்தபோது அளந்து எழுதிய பதிவேடு வேறு கட்டடத்தில் இருக்கிறது.